எலிசபெத் ஃபார்ம்: நாற்காலியில் உட்காரச் சொல்லும் மியூசியம்

எந்த மியூசியத்துக்குப் போனாலும் என் அண்ணன் முதலில் தேடுவது உட்கார ஓர் இடம். முழங்கால் வலி. மன்னார்குடிப் பக்கம் நாற்பது வருடம் வயலில் நின்ற கால். சிட்னிக்கு எங்களைப் பார்க்க வந்தவரை ரோஸ்ஹில்லில் இருக்கும் எலிசபெத் ஃபார்முக்குக் கூட்டிப் போனேன். கூடத்துக்குள் நுழைந்ததும் பழங்காலத்து நாற்காலி ஒன்றின் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார். "உட்காருங்கண்ணே, இங்க உட்காரலாம்" என்றேன். நம்பவில்லை. கயிறு கட்டியிருக்கிறதா, தொடாதே என்று அட்டை ஏதாவது இருக்கிறதா என்று நாற்காலியைச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கைப்பிடியில் வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பினார். ஐந்து நிமிடம் பேசவே இல்லை.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் இந்த வீட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் சிட்னியில் டூங்காபிக்குக் குடிவந்து பத்தொன்பது வருடமாகிறது. எலிசபெத் ஃபார்முக்கு இதற்கு முன்னால் ஒரு முறை வந்திருக்கிறேன். ஒரு டூர் வேனில் பத்துப் பன்னிரண்டு பேர். வேன்காரர் இருபது நிமிடம் கொடுத்தார், அதில் போட்டோவுக்கே பாதி போய்விட்டது. "பழைய வீடு, வெள்ளைக்காரன் கட்டினது" என்றதோடு விளக்கம் முடிந்தது. வீட்டுக்கு வந்தபோது எனக்கு வராந்தாவைத் தவிர எதுவும் நினைவில் இல்லை. இத்தனை வருடம் கழித்துப் போனபோதுதான் என்னவெல்லாம் பார்க்காமல் வந்தோம் என்று தெரிந்தது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டுக்கு நேராகப் போகாதீர்கள். நடந்து போகிற தூரத்தில் ஹாரிஸ் பார்க்கில் எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம் என்ற பழைய பண்ணை வீடு இருக்கிறது. முதலில் அங்கே போய்விட்டு அப்புறம் இங்கே வாருங்கள். இரண்டையும் ஒரே நாளில், இந்த வரிசையில் பார்த்தால்தான் இந்த மண்ணில் முதலில் குடியேறிய ஆங்கிலேயர்களின் வாழ்க்கை பிடிபடும்.

நாங்கள் ஹாரிஸ் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, விக்ரம் தெருவில் தோசையும் காபியும் முடித்துக்கொண்டு ரூஸ் தெருவுக்கு நடந்தோம். அந்தத் தெருவின் பெயரில் இருப்பவர் ஜேம்ஸ் ரூஸ். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் லான்செஸ்டன் ஊர்ப் பக்கத்து விவசாயத் தொழிலாளி. 1782-இல் திருட்டு வழக்கில் தூக்குத் தண்டனை விதித்து, பிறகு அதை ஏழு வருடம் நாடுகடத்தலாகக் குறைத்தார்கள். 1788-இல் ஆங்கிலேயர்கள் இங்கே காலனி அமைக்க அனுப்பிய முதல் கப்பல் தொகுதியோடு ஸ்கார்பரோ என்ற கப்பலில் கைதியாக வந்து இறங்கினார். 1789-இல் தன் தண்டனைக் காலம் முடிந்துவிட்டது என்று ஆளுநர் ஆர்தர் பிலிப்பிடம் சொல்லி, விவசாயம் செய்ய நிலம் கேட்டார். பிலிப்புக்கும் அப்படி ஓர் ஆள் தேவைப்பட்டது. சிட்னிக் கரையோர மண்ணில் விளைச்சல் சரியில்லை. இங்கிலாந்திலிருந்து சாமான் ஏற்றி வந்த கார்டியன் கப்பல் 1789 டிசம்பரில் பனிப்பாறையில் மோதி, வந்து சேராமலே போய்விட்டது. 1790 ஏப்ரலில் ரேஷனைக் குறைத்தார்கள். வளர்ந்த ஆளுக்கு வாரத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலே மாவு, ஒரு கிலோவுக்கும் குறைவாக அரிசி, அதே அளவு உப்புப் போட்ட பன்றிக்கறி. அந்த அரிசியில் வண்டு மண்டியிருந்தது, ஒவ்வொரு மணியும் தானாக நகர்ந்தது என்று வாட்கின் டென்ச் என்ற படை அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். ஆளுநர் வீட்டு விருந்துக்குப் போகிறவர்கள்கூடத் தங்கள் ரொட்டியைக் கையோடு கொண்டு போனார்கள்.

இதை நான் சொல்லிக்கொண்டே நடந்தபோது அண்ணன், "அரிசில வண்டு வந்தா வெயில்ல காயப்போட்டுப் புடைச்சா போயிடுமே" என்றார். உண்மைதான். ஆனால் அரிசியையே பெரிதாகப் பார்த்திராத ஜனங்கள். யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

பிலிப் ரூஸுக்குக் கொடுத்த நிலம்தான் எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம். அங்கே இப்போது நிற்கும் வீடு ரூஸ் கட்டியது இல்லை. அவருக்குப் பிறகு நிலத்தை வாங்கிய ஜான் ஹாரிஸ் என்ற படை மருத்துவர் 1830-களில் கட்டியது. ஹாரிஸ் பார்க் என்ற பெயர் அவருடையது. நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு 1961-இல் அந்த வீட்டை வாங்கிப் பாதுகாத்து வருகிறது. அழகான வீடுதான், பழைய மரச் சாமான்களும் நல்ல நிலையில் இருக்கின்றன. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அதைச் சுற்றியிருக்கும் சரிவான நிலம். அந்தப் புல்தரையில் அண்ணனை நிறுத்தி, ரூஸ் எப்படி விவசாயம் செய்தார் என்று டென்ச் குறித்து வைத்ததைச் சொன்னேன். 1790 கடைசியில் டென்ச் அங்கே வந்து ரூஸிடமே கேட்டு எழுதிக்கொண்டது அது.

வெட்டிச் சாய்த்த மரங்களை முதலில் எரித்தாராம். சாம்பலை மண்ணோடு கலந்து கொத்தினாராம். ஒரு நாளைக்கு எட்டு ராடு, மிஞ்சினால் ஒன்பது ராடு, அதற்கு மேல் கொத்தியதில்லை. அரசாங்கப் பண்ணையில் சும்மா கீறிவிட்டுப் போகிற மாதிரி இல்லாமல் முறையாகச் செய்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம் கட்டிகளை உடைத்து, புல்லையும் களையையும் உள்ளே புதைத்து, வெயிலும் காற்றும் படும்படி போட்டுவிட்டு, விதைப்பதற்குச் சற்று முன்னால் மறுபடி ஒரு புரட்டு.

"ராடுன்னா எவ்வளவு?" என்றார் அண்ணன். நூற்றறுபது சதுர ராடு ஓர் ஏக்கர். எட்டு ராடு என்றால் சரியாக ஐந்து சென்ட். அண்ணன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "காட்டை அழிச்ச நிலத்துல, வேர் கிடக்கிற மண்ணுல, தனி ஆளா மம்பட்டியால அஞ்சு சென்ட்டா? நல்ல வேலைக்காரன்."

வைக்கோலைக் குழி வெட்டிப் போட்டு, மக்குகிறதை எல்லாம் அதோடு சேர்த்து எருவாக்கப் போவதாகவும் ரூஸ் சொல்லியிருக்கிறார். மாடு இல்லாத ஊரில் எருவுக்கு வேறு வழியும் இல்லை. உதவிக்கு ஆள் யார் என்று கேட்டபோது, இங்கே வந்து கல்யாணம் செய்துகொண்ட மனைவி ஒருத்திதான், உழைப்பாளி என்றாராம். அவரும் எலிசபெத், எலிசபெத் பெர்ரி. ராத்திரியானால் மற்றக் கைதிகள் வந்து விளைந்ததைத் திருடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய இடைஞ்சல் என்றும் சொன்னாராம். பசிக்கிற ஊரில் விளைகிற வயல் ஒன்றே ஒன்று என்றால் வேறென்ன நடக்கும்?

1791-இல் ரூஸ் அரசாங்க ரேஷன் இல்லாமல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்று காட்டினார். முப்பது ஏக்கர் அவர் பெயருக்கு வந்தது. இந்தக் காலனியில் வெள்ளையர் அரசு கொடுத்த முதல் நிலப் பட்டா அது. "கிட்டத்தட்ட நாலரை வேலி" என்று அண்ணன் கணக்குப் போட்டார். எங்கள் ஊரில் நாலரை வேலி வைத்திருந்தால் மிராசுதார். ஆனால் ரூஸ் 1793-இல் அதை ஹாரிஸுக்கு நாற்பது பவுண்டுக்கு விற்றுவிட்டு ஹாக்ஸ்பரி ஆற்றுப் பக்கம் போய்விட்டார். அதன் பிறகு அவர் வாழ்க்கை பெரிதாக உயரவில்லை. 1837-இல் இறந்தார். கேம்பல்டவுனில் அவர் கல்லறைக்கென்று செதுக்கிய கல்லில், என்னை என் தாய் பாசத்தோடு வளர்த்தாள், இந்தக் காலனிக்கு வந்தபோது முதல் தானியத்தை விதைத்தேன் என்று எழுத்துப் பிழைகளோடு இருக்கிறது. அந்த வரியை வாசித்த நாள் முதல் எனக்கு ரூஸ் மேல் ஒரு தனிப் பிரியம். சாகிறபோது ஒரு மனிதன் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டது தாயையும் விதைத்ததையும்.

சரி, இதை மனதில் வைத்துக்கொண்டு எலிசபெத் ஃபார்முக்கு நடங்கள். கால் மணி நேரத்தில் போய்விடலாம். முழங்கால் வலி உள்ளவர்களோடு போனால் கூடக் கொஞ்ச நேரம்.

ஆஸ்திரேலியாவில் இன்றும் நிற்கிற ஐரோப்பியக் கட்டடங்களிலேயே மிகப் பழையது இந்த வீட்டுக்குள் இருக்கும் 1793-ஆம் வருடத்துப் பகுதி. ஜான் மக்கார்தர் என்ற படை அதிகாரியும் அவர் மனைவி எலிசபெத்தும் கட்டியது. பண்ணைக்கு மனைவியின் பெயர். தாழ்வான கூரை, அகலமான வராந்தா, கல் பாவிய தரை. கொல்கத்தாவிலும் சென்னையிலும் அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் கட்டிக்கொண்ட பங்களாக்களின் சாயல் நன்றாகவே தெரியும். பங்களா, வராந்தா என்ற சொற்களே இந்தியாவிலிருந்து போனவைதானே.

உள்ளே இருக்கும் சாமான்கள் பழையதைப் பார்த்து அதே மாதிரி புதிதாகச் செய்தவை. அதனால்தான் தடுப்பு எதுவும் இல்லை. கட்டில் பக்கத்தில் நிற்கலாம், மேசையில் கை ஊன்றலாம், கதவைத் திறந்து வராந்தாவுக்குப் போய்த் திரும்பி வரலாம். அசல் பொருள் இல்லையே என்று சிலர் குறைபடலாம். எனக்கு அந்தக் குறை இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற அசல் நாற்காலியைவிட, உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்க முடிகிற நகல் நாற்காலி எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது. உட்கார்ந்தால்தான் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்த இடத்தில் வைத்துத் துணி தைத்திருப்பார்கள், கடிதம் எழுதியிருப்பார்கள் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

எலிசபெத் மக்கார்தரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டெவன் மாவட்டத்தில் பிரிட்ஜ்ரூல் என்ற சின்ன ஊர்ப் பெண், 1766-இல் பிறந்தவர். ரூஸின் ஊரான லான்செஸ்டனிலிருந்து அது அதிக தூரமில்லை. 1790-இல் இரண்டாம் கப்பல் தொகுதியில் கணவனோடும் கைக்குழந்தை எட்வர்டோடும் புறப்பட்டார். முதலில் நெப்டியூன் கப்பல். கப்பல்காரர்களோடு சண்டை வந்து, நடுக்கடலில் வேறு கப்பலுக்கு மாறினார்கள். மாறிய கப்பல் ஸ்கார்பரோ. ஆமாம், இரண்டு வருடத்துக்கு முன்னால் ரூஸைக் கைதியாகக் கொண்டு வந்து இறக்கிய அதே கப்பல். இதை அண்ணனிடம் சொன்னபோது, "ஒரே கப்பல், ஒருத்தன் அடித்தட்டு, ஒருத்தர் மேல்தட்டு" என்றார். இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் பாருங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்தத் தொகுதியில் ஏறிய சுமார் ஆயிரம் கைதிகளில் கால்வாசிப் பேர் கரையைப் பார்க்கவில்லை. எலிசபெத்துக்கும் அந்தப் பயணத்தில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து இறந்துபோனது. கடலிலேயே அடக்கம்.

வந்து இறங்கியபோது இங்கே அவர் வயதில், அவர் படிப்பில் பேச்சுத் துணைக்கு இன்னொரு பெண் இல்லை. படை அதிகாரி வில்லியம் டாஸிடம் வானியல் கற்கப் போனார், அது தனக்கு ஏறாது என்று சீக்கிரமே புரிந்துகொண்டு தாவரவியலுக்கு மாறினார். ஜார்ஜ் வோர்கன் என்ற கப்பல் மருத்துவர் முதல் தொகுதியில் கொண்டுவந்த பியானோவில் அவரிடமே வாசிக்கப் பழகினார். வோர்கன் ஊருக்குத் திரும்பியபோது பியானோவை எலிசபெத்திடமே விட்டுவிட்டுப் போனார்.

1791-இல் ஊர்த் தோழிக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒரு காட்சி இருக்கிறது. கோல்பி என்ற பூர்வகுடி மனிதரின் மனைவி தாரிங்கா, பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தையைக் காட்ட எலிசபெத்தின் வீட்டுக்கு வருகிறார். குழந்தையை மரப்பட்டையின் மெல்லிய உரியில் சுற்றி வைத்திருக்கிறார். எலிசபெத் தாய்க்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்லி, கொஞ்ச நாள் கவனித்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்கிறார். தன் பெண்ணைக் கடலில் விட்டு ஒரு வருடம்கூட முழுதாக ஆகாத தாய், இன்னொருத்தியின் பெண் குழந்தையைப் பார்க்கிறாள். கடிதத்தில் அந்த இறந்த குழந்தையைப் பற்றிய பேச்சை இதோடு சேர்த்து எழுதவில்லை. நான் இதை வீட்டின் படுக்கையறையில் நின்றுகொண்டு நினைத்தேன். கொஞ்ச நேரம் அங்கிருந்து நகர முடியவில்லை.

போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய இன்னொரு விஷயம். ஜான் மக்கார்தர் 1794-இல் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தை அச்செடுத்துக் கொண்டு போங்கள். என் மகள் எங்களுக்கு எடுத்துக் கொடுத்தாள். முன் வராந்தாவில் உட்கார்ந்து நான் வாசிக்க வாசிக்கத் தமிழில் சொன்னேன், அண்ணன் கேட்டார். வீடு முகப்பில் 68 அடி, அகலம் 18 அடி. மாடி கிடையாது. நாலு அறை, ஒரு பெரிய கூடம், நிலவறை, ஒட்டினாற்போல ஒரு சமையற்கட்டு, வேலைக்காரர்களுக்கு இடம். சுற்றி மூன்று ஏக்கரில் திராட்சையும் பழமரமும் காய்கறியும். நிலம் 250 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, அதில் நூறு ஏக்கருக்கு மேல் சாகுபடி. அந்த வருடம் விற்ற விளைச்சல் 400 பவுண்டுக்கு. களஞ்சியத்தில் மீதி 1800 புஷல் தானியம், அதாவது நாற்பது டன்னுக்கு மேல். ஒரு குதிரை, இரண்டு பெண் குதிரை, இரண்டு பசு, 130 வெள்ளாடு, நூற்றுக்கு மேல் பன்றி. வேட்டைக்கு ஓர் ஆளும் ஆறு நாயும். அவை வாரத்துக்குச் சராசரியாக 300 பவுண்டு எடை இறைச்சி கொண்டு வருமாம்.

அண்ணன் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். "எப்ப நிலம் கிடைச்சுது?" 1793 பிப்ரவரியில், நூறு ஏக்கர். "கடிதம்?" 1794. "ஒன்றரை வருஷத்துல நூறு ஏக்கர் காடு திருத்தி, நாப்பது டன் மீதி வச்சிருக்காரா? யாரும்மா வேலை செஞ்சது?"

விவசாயி கேட்கிற கேள்வி இது. இந்தக் கேள்வியோடுதான் இந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிலிப் ஊருக்குத் திரும்பிய பிறகு பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் குரோஸ், படை அதிகாரிகளுக்கு நிலத்தை வாரிக் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் வயல் வேலைக்குப் பத்துக் கைதி, வீட்டு வேலைக்கு மூன்று கைதி. அவர்களுக்குச் சாப்பாடு அரசாங்கக் கிடங்கிலிருந்து. விளைந்த தானியத்தை அதிகாரிகள் திரும்ப அதே அரசாங்கக் கிடங்குக்கு விற்றார்கள். ரூஸுக்கு முதலில் கொடுத்திருந்த ஒரே ஒரு கைதியும் பிறகு இல்லாமல் போனான். ரூஸ் தன் நிலத்தை நாற்பது பவுண்டுக்கு விற்றதும் மக்கார்தர் இந்த வீட்டைக் கட்டி முடித்ததும் ஒரே வருடம். மக்கார்தர் திறமையில்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். காலனியில் ஏர் பூட்டி உழுததில் முதல் ஆள் அவர்தான் என்பதை எலிசபெத்தும் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுவிட்டு, பின்னாலிருக்கும் சமையற்கட்டையும் வேலைக்காரர் அறைகளையும் எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அங்கேயும் முன் அறைகளில் நின்ற அளவுக்கு நில்லுங்கள். அந்த அடுப்புப் பக்கம் நின்றவர்கள் யாரும் நமக்குக் கடிதம் விட்டுப் போகவில்லை.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் இந்தப் பண்ணையில் உண்டு. மக்கார்தர் என்றாலே மெரினோ என்ற செம்மறி இனத்தின் கம்பளி என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர் முதலில் பெருக்கியது மெரினோ இல்லை. 1794-இல் கொல்கத்தாவிலிருந்து வந்த அறுபது வங்காளச் செம்மறிகளையும் குட்டிகளையும் வாங்கினார். அப்புறம் ஒரு கப்பல் தலைவரிடமிருந்து இரண்டு ஐரிஷ் பெட்டை ஆடும் ஒரு கிடாவும். வங்காள ஆட்டுக்கு இருப்பது முடி, கம்பளி இல்லை. கலப்பில் பிறந்த குட்டிகளுக்கு முடியோடு கம்பளியும் வளர்ந்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் கம்பளி யோசனையே வந்தது. ஸ்பெயின் வழி மெரினோக்கள் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது 1797-இல். அதற்கும் முன்னால் 1792-இல் அட்லான்டிக் என்ற கப்பல் கொல்கத்தாவிலிருந்து அரிசியும் ரவையும் பருப்பும் ஏற்றி வந்து இங்கே ரேஷனில் கொடுத்திருக்கிறார்கள். கோதுமை ரொட்டிக்குப் பழகியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. காலையில் ஹாரிஸ் பார்க் கடையில் துவரம் பருப்பு மூட்டை அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்த அண்ணனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "அப்பவே பருப்பு வந்துடுச்சா!" என்று இரண்டு தடவை சொன்னார்.

ஜான் மக்கார்தர் சண்டைக்காரர். 1801-இல் தன் மேலதிகாரியோடு துப்பாக்கிச் சண்டை போட்டு விசாரணைக்கு இங்கிலாந்துக்குப் போனவர் 1805-இல்தான் திரும்பினார். 1808 ஜனவரி 26-இல் ஆளுநர் பிளையைப் படை கவிழ்த்ததில் இவர் பங்கு பெரியது. அதனால் 1809-இல் மறுபடி கப்பலேறி, 1817 வரை வர முடியவில்லை. இரண்டும் சேர்த்தால் பன்னிரண்டு வருடம். அந்த நேரமெல்லாம் பண்ணையையும் ஆட்டு மந்தைகளையும் கேம்டன் பக்கத்து நிலங்களையும் கணக்கு வழக்கையும் பார்த்துக்கொண்டவர் எலிசபெத். மகன்களைச் சின்ன வயதிலேயே படிக்க இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கடிதம் போய்ச் சேரவே ஐந்தாறு மாதம். ஒன்பது பிள்ளை பெற்று ஏழு பேரை வளர்த்தார். 1850-இல் இறக்கும்வரை ஒரு முறைகூடப் பிறந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. நானும் அம்மா முகத்தை விட்டு வந்தவள்தான். ஆனால் எனக்கு வாட்ஸ்அப்பில் தினமும் அம்மா குரல் கேட்டது, கடைசி நாளுக்கு முன்னால் போய்ச் சேரவும் முடிந்தது. அவர் சாப்பாட்டு அறையில் நின்றபோது இந்த வித்தியாசம் என்னை என்னவோ செய்தது.

இவ்வளவும் யாருடைய நிலத்தில் நடந்தது என்பதைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. இந்த இரண்டு வீடுகளும் இருக்கும் பகுதிதான் பரமட்டா. அந்தப் பெயரே பர்ராமட்டகல் என்ற பூர்வகுடி மக்களுடையது. விலாங்கு மீன் படுத்திருக்கும் இடம் என்று பொருள். தாருக் மொழி பேசிய ஜனங்கள். 1790-இல் மோகோரன் என்ற பெரியவர், ரோஸ் ஹில்லில் (பரமட்டாவுக்கு வெள்ளையர்கள் முதலில் வைத்த பெயர்) வெள்ளையர்கள் வந்து உட்கார்ந்திருப்பது தங்கள் ஜனங்களுக்குக் கோபம் என்று பிலிப்பிடமே சொன்னார். பிலிப் அங்கே இன்னும் கொஞ்சம் சிப்பாய்களை அனுப்பினார். 1797 மார்ச்சில் பெமுல்வுய் என்ற பூர்வகுடிப் போராளியின் தலைமையில் டூங்காபி அரசுப் பண்ணையைத் தாக்கினார்கள். துரத்தி வந்தவர்களோடு பரமட்டாவில் மோதல் நடந்து பெமுல்வுய் சுடப்பட்டார். பிழைத்துக் காலில் விலங்கோடு தப்பினார். அந்த மோதல் நடந்தபோது இந்த வீட்டுக்கு நாலு வயதுகூட ஆகவில்லை. நான் வாங்கிய வீடு இருக்கும் டூங்காபியின் பெயர் இந்தக் கதையில் வரும் என்று பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

தோட்டத்துக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். 1805 வாக்கில் நட்டதாகச் சொல்லும் ஆலிவ் மரம் இருக்கிறது. அடிமரம் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி இருக்கும். அண்ணன் இலையைக் கசக்கி முகர்ந்தார், பட்டையை நகத்தால் தட்டினார், "இன்னும் இருநூறு வருஷம் நிக்கும்" என்றார். மக்கார்தர் குடும்பம் போன பிறகு வீடு பல கை மாறி, 1904-இல் ஸ்வான் குடும்பம் வாங்கியது. 1968 வரை அவர்கள் அங்கே இருந்து இடிபடாமல் காப்பாற்றினார்கள். 1984 முதல் மியூசியம்.

போகிறவர்களுக்கு இரண்டொரு விஷயம். இரண்டு இடமும் வாரம் முழுக்கத் திறந்திருப்பதில்லை, கிளம்பும் முன் நாள் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் ரூஸ், மத்தியானம் மக்கார்தர். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகத் தயங்க வேண்டாம், தொடாதே என்று ஒரு தடவைகூடச் சொல்ல வேண்டியிருக்காது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஓபரா ஹவுஸுக்கு அடுத்த நாள் இங்கே கூட்டி வாருங்கள், அதிலும் விவசாயக் குடும்பமாக இருந்தால் கட்டாயம். ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.

நாங்கள் அன்று சாயங்காலம்தான் வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் விடிந்து நான் எழுந்தபோது பின்கட்டில் சத்தம் கேட்டது. முழங்கால் வலியோடு அண்ணன் எங்கள் தோட்டத்து மண்வெட்டியை வைத்து எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முந்தின வாரம் வெட்டிப் போட்ட புல் ஒரு குவியல். "இதையெல்லாம் பச்சைத் தொட்டியில போட்டு அனுப்பாதம்மா, உள்ளாறப் போட்டு மூடு" என்றார். அப்புறம் மண்வெட்டியை ஊன்றி நின்று மூச்சு வாங்கினார். "களி மண்ணு, கல்லு மாதிரி இருக்கு. அஞ்சு சென்ட்டு கொத்தினான்னா சும்மாவா?"